அட்லாண்டிக் மேலே பக்கத்து சீட் காலியா? உங்கள் அனுபவம் என்ன?

திருவையாறு:
சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பிப்ரவரியில் நானும் வீட்டுக்காரியும் நியூஜெர்சி கிளம்பினோம். மகளுக்கு இரண்டாவது பிரசவம். சென்னையிலிருந்து லண்டன் வரை கால் நீட்ட இடமில்லை. அங்கே மாறி நியூவார்க் விமானம் ஏறினால், எங்கள் பக்கத்திலேயே நடுவரிசையில் நாலு சீட் சேர்ந்தாற்போல் காலி. போய்ப் படுக்கலாமா, யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கதவைச் சாத்தினார்களோ இல்லையோ, பின்னாலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து கைப்பிடிகளைத் தூக்கிவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டார். "உழவன் எக்ஸ்பிரஸ்ல அன்ரிசர்வ்டுல துண்டு போட்டு எடம் புடிக்கத் தெரியுது, இங்க தெரியலையா?" என்றாள் வீட்டுக்காரி. எட்டு மணி நேரமும் அதே பேச்சு.

திரும்பியது ஆகஸ்டில். லண்டன் வரை ராத்திரி விமானம், ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கிழக்கே வரும்போது சீக்கிரம் வந்துவிடுகிறது. தூங்க வேண்டிய அந்த ராத்திரியில் ஒரு சீட்கூடக் காலியில்லை.

மன்னார்குடி:
எந்த சீட் காலி என்று இணையத்தில் காட்டும் சீட் மேப்பை நம்பி ஏமாந்தவன் நான். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது பார்த்தால் பாதிக்கு மேல் காலியாகக் காட்டியது. ஏறினால் கல்யாணப் பந்தி மாதிரி நெரிசல். மலிவு டிக்கெட்டில் சீட் பிடிக்கத் தனிக் காசு. கொடுக்காதவர்களுக்குச் செக்-இன் சமயத்தில்தான் சீட் விழும். அதுவரை மேப்பில் அந்த இடம் காலியாகத்தான் தெரியும், ஆள் இருப்பார். மேப் காட்டுவது சீட் எடுத்தவர்களை, டிக்கெட் எடுத்தவர்களை அல்ல.

இப்போதெல்லாம் நானும் மனைவியும் மூணு சீட் வரிசையில் ஜன்னலையும் நடைபாதை ஓரத்தையும் எடுத்து நடுவை விட்டுவிடுகிறோம். நடு சீட்டைத் தேடி எடுப்பவர் யார்? யாராவது வந்தாலும் ஓரத்தைக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். ஏர்பஸ் ஏ330 என்றால் இந்த வேலையே வேண்டாம். பெரும்பாலும் 2-4-2 வரிசை, ஜன்னல் பக்கம் ஜோடியாக உட்காரலாம்.

கும்பகோணம்:
நிரம்பினால்கூடப் பரவாயில்லை சார், அதற்கு மேலேயும் விற்றுவிடுகிறார்களே! ஜூன் கடைசியில் பிராங்க்பர்ட்டில் மைக்கில் கூப்பிட்டார்கள்: நாளைக்குப் போகிறவர்களுக்குப் பணமும் ஓட்டலும் தருகிறோம் என்று. நான் கையைத் தூக்கப் போனேன். என்னவர் இறக்கிவிட்டார். பையில் இருந்த மாவடு கசிய ஆரம்பித்திருந்தது, அந்தப் பதற்றம் அவருக்கு.

பிறகு மகன் சொன்னான்: ஐரோப்பாவில் கிளம்பும் விமானத்தில், நாம் சம்மதிக்காமல் அவர்களாக நிறுத்திவிட்டால், அட்லாண்டிக் தூரத்துக்குச் சட்டப்படி 600 யூரோ உண்டாம். நாமாகக் கை தூக்கினால் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். மாவடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, 600 யூரோதான் வரவில்லை.

மயிலாடுதுறை:
மேட்டூர் திறக்கிற ஜூன் 12-ஐ ஒட்டி எங்களுக்கு டிக்கெட். படுக்க இடம் கிடைக்குமா?

திருவையாறு:
அங்கே பள்ளி விடுமுறை ஆரம்பிக்கிற நேரம் தம்பி. கழுத்துத் தலையணை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், மாவடு எடுத்துப் போவதாக இருந்தால் பெட்டியில் போடுங்கள்.