மறு: வரைபடத்தில் ‘தீங்கு குறைப்பு’ என்று போடலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். போதைப்பொருள் பயன்படுத்துவோருக்கு வரும் ஆபத்தைக் குறைக்கப் புது ஊசி போன்றவற்றைக் கொடுக்கும் (ஆங்கிலத்தில் harm reduction) இடங்களை நம் வரைபடத்தில் எந்தத் தமிழ்ப் பெயரால் குறிப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘தீங்கு குறைப்பு’ நேரடியாக இருக்கிறது, சுருக்கமும்கூட. அதையே வைப்போமே?

வைக்கலாம் அண்ணா, ஆனால் ஆட்குறைப்பு, சம்பளக் குறைப்பு என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏதோ செலவைக் குறைக்கும் திட்டம் போல விழுகிறது. தட்டெழுதும்போது றகரம் ரகரமானால் நாய் வேறு வந்துவிடும். காய்ச்சல் தணிந்தது என்றால் நோய் போய்விட்டது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, அனல் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். போதைப்பொருளை இன்னும் விடாதவருக்குப் புது ஊசியும், ஓபியாய்டு போதை மிஞ்சி மூச்சு அடங்கினால் மீட்கும் மருந்தான நாலொக்சோனும் கொடுப்பதும் அப்படித்தானே? என் வாக்கு ‘தீங்குத் தணிப்பு’க்கு. (வலி மிகுமா மிகாதா என்பதைப் புலவர்கள் தீர்த்துவையுங்கள்.)

> ‘போதை மறுவாழ்வு மையம்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில், பள்ளிக்கூடங்களுக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கும் 200 மீட்டருக்குள் இருந்த கண்காணிப்பு ஊசி நிலையங்களில் (தாம் கொண்டுவரும் போதைப்பொருளைப் பணியாளர் கண்காணிப்பில் ஏற்றிக்கொள்ளும் இடங்கள்) பெரும்பாலானவை 2025 மார்ச் முடிவதற்குள் மூடப்பட்டன. அவற்றில் பலவற்றுக்குப் பதிலாக மாகாண அரசு சிகிச்சை மையங்களைக் கொண்டுவந்தது. இந்தச் சிகிச்சை மையங்களில் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்க அனுமதி இல்லை. இரண்டுக்கும் வரைபடத்தில் ஒரே பெயர் போட்டால், புது ஊசி தேடிப் பனியில் நடந்துவந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். அப்புறம் நம் வரைபடத்தை அவர் ஏன் திறக்கப்போகிறார்?

‘தீங்குத் தணிப்பு’ போன்ற கலைச்சொல், கட்டுரைக்குச் சரி. வரைபடக் குறிக்கு அதுவும் வேண்டாம், அங்கே என்ன கிடைக்கும் என்பதைப் போட்டால் போதும். ‘ஊசி மையம்’ என்று அம்மாவிடம் காட்டினேன், “ஃப்ளூ ஊசியா? போன மாதமே போட்டாச்சே” என்றார். ‘ஊசி மாற்று’ என்றால் ‘மாற்று மருத்துவம்’ மாதிரி, ஊசிக்குப் பதில் மாத்திரை தருகிறார்கள் போலிருக்கிறது. ‘புது ஊசி தருமிடம்’, ‘பழைய ஊசிப் பெட்டி’ என்று சோதனைப் பக்கத்தில் இட்டிருக்கிறேன். கைபேசித் திரையில் ஒரு வரிக்குள் அடங்குகின்றன.

நாலொக்சோனுக்கு ‘முறிமருந்து’ அழகான சொல்தான். ஆனால் மருந்துக்கடையில் தரும் பெட்டியில் அச்சாகியிருப்பது நாலொக்சோன். ஒருவர் மூச்சு அடங்கிக் கிடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் வாயில் வருவதும் அந்தப் பெயர்தான். அந்தப் பெயரை அப்படியே விட்டுவிடுவோம்.

கடைசியாக ஒன்று. ‘போதை அடிமைகளுக்கு’ என்று இருந்த குறிப்பை நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக ‘போதைப்பொருள் பாவிப்போர்’ என்று எழுதினேன், எங்கள் இலங்கைத் தமிழில் பாவிப்பது என்றால் பயன்படுத்துவது. சென்னைத் தம்பி ஒருவர் படித்துவிட்டு, “பாவிகள்னு திட்டுற மாதிரி இருக்கே அண்ணா” என்றார். இப்போதைக்குப் ‘பயன்படுத்துவோர்’ என்று மாற்றியிருக்கிறேன். அடியில் ‘போதைப்பாவனை’ என்று இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது, அதையும் மாற்றவேண்டுமா என்று தமிழ்நாட்டு நண்பர்கள் சொல்லுங்கள்.