புதுப்பிப்பு: சேஸிஸ் எண் சிக்கல் தீர்ந்தது, பெயின்ட் பாக்கி

பழைய காரின் சேஸிஸ் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள 17 இட அடையாள எண்) எங்கே போட்டாலும் ‘தவறான எண்’ என்று வருவதாகப் போன வாரம் கேட்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான். பூஜ்ஜியத்தை ‘ஓ’ என்று படித்திருக்கிறேன். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே அந்த 17 இடங்களில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது.

எஞ்சின் எண் தனி. அது இருக்கும் எஞ்சின் பிளாக்கில் (எஞ்சினின் உலோக உடல்) படிந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் எழுத்துகள் நிழலோடு தெரிந்தன. பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகிறது, அப்பாடா.

காரின் அசல் நிறத்தைச் சொல்லும் பெயின்ட் குறியீடு ஓட்டுநர் கதவுத் தூணின் ஸ்டிக்கரில் இருந்தது. அதன்படி கலந்து, முதலில் அட்டையில் அடித்துப் பானெட்டில் வைத்துப் பார்த்தேன். நிறம் கொஞ்சம் அடர்த்தி. குறியீடு சரிதான், வெயிலில் கார்தான் வெளுத்திருக்கிறது. சாயலைக் குறைத்து மறுபடி கலக்கச் சொல்லியிருக்கிறேன்.