சேலத்திலிருந்து தென் ஸ்பெயினுக்கு 9 நாள் கார் பயணம்: ஏற்காடு ஏறி இறங்கிய கை போதுமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
வணக்கம். அக்டோபரில் நான், மனைவி, 64 வயது அம்மா மூவரும் மாலகாவில் இறங்கி, கார் வாடகைக்கு எடுத்து ரோண்டா, கிராசலேமா, காதிஸ், செவில்யா, கோர்தொபா, கிரனாதா, கடைசியாக நெர்ஹா கடற்கரை என்று சுற்றலாம் என இருக்கிறோம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பத்து வருடமாக ஓட்டுகிறேன், கொல்லிமலையும் போயிருக்கிறேன். அங்குள்ள மலைப்பாதை அதைவிடக் கஷ்டமா? அம்மா சுத்த சைவம், முட்டிவலி வேறு.

நாகலூர்த் தோட்டம்:
இரண்டு வருடம் முன்பு போய் வந்தேன். மலைப்பாதையை நினைத்துப் பயப்படாதீர்கள், சாலை அகலம், தடுப்புச் சுவர் எல்லாம் நன்றாகவே இருக்கும். சிரமம் வேறு இடத்தில். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் இடப்பக்கம், கியரை வலது கையால் போட வேண்டும். முதல் நாள் நான் கியர் போட நினைத்த போதெல்லாம் இடது கை கதவைத்தான் தட்டியது. ஆட்டோமேட்டிக் கார் குறைவு, அதனால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். வண்டி ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும், அதில் முன்பணம் பிடித்து வைப்பார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துவிடுங்கள், ஒரு வருடம் செல்லும்.

அப்புறம், வெள்ளையடித்த மலைக் கிராமங்களுக்குள் மட்டும் காரை விடாதீர்கள். மேப் காட்டுகிறதே என்று ஒரு சந்துக்குள் நுழைந்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கி, ஊர்க்காரர் ஒருவர் கைகாட்டக் காட்ட, ரிவர்ஸிலேயே வெளியே வந்தேன். ஊருக்குக் கீழே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

உங்கள் பட்டியலில் ஊர்கள் அதிகம். ரோண்டாவை மட்டும் அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடாதீர்கள். 1793-இல் கட்டி முடித்த அந்த ஊர்ப் பாலம் கிட்டத்தட்ட 98 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கின் மேல் நிற்கிறது. பகலில் பேருந்துக் கூட்டம் நெரிக்கும். மாலையில் அவர்கள் கிளம்பிய பிறகு ஊரே வேறு மாதிரி ஆகிவிடும், கீழே ஆற்றுச் சத்தம் கேட்கும். மூன்று இரவு அங்கேயே தங்கி, பாறைக்கு அடியில் வீடுகள் இருக்கும் செத்தெனில், கிராசலேமா இரண்டுக்கும் போய் வாருங்கள். கிராசலேமா ஸ்பெயினிலேயே மழை அதிகம் பெய்யும் ஊர்களில் ஒன்று, குடை அவசியம்.

அஸ்தம்பட்டி அக்கா:
தம்பி, அம்மா சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன். கத்தரிக்காயைப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், பெயர் பெரென்ஹேனாஸ் கோன் மியெல். நம் ஊர் வெல்லப்பாகு மாதிரியே இருக்கும், என் மாமியார் தினமும் அதையே கேட்டார். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் செய்வதும் கிடைக்கும். தக்காளி சூப் சால்மொரெஹோ வாங்கினால் மேலே முட்டையும் பன்றி இறைச்சித் துணுக்கும் தூவுவார்கள், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல ஹோட்டல்களில் மதியம் நாலு மணிக்கு மேல் இரவு எட்டு வரை அடுப்படி மூடியிருக்கும், கையில் பழம், ரொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கிரனாதாவில் அல்ஹம்பிரா கோட்டைக்கு டிக்கெட்டை இப்போதே எடுங்கள். உள்ளே நஸ்ரித் அரண்மனைக்கு மணி குறித்துத் தருவார்கள், தாமதமானால் விடமாட்டார்கள், பாஸ்போர்ட்டும் கேட்பார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. செவில்யாவையும் காதிஸையும் எடுத்துவிடுகிறேன். ஆனால் கோர்தொபா மசூதியின் சிவப்பு வெள்ளை வளைவுகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் மனைவி.

நாகலூர்த் தோட்டம்:
அதற்குக் கார் வேண்டாம். மாலகாவிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான், காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். மிச்சமான நாளில் தரீஃபா போங்கள். ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்கோடி அது, வானம் தெளிவாக இருந்தால் 14 கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் மொராக்கோ மலைகள் தெரியும். காற்று தள்ளும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். கரையில் உட்கார்ந்தபடியே ஆப்பிரிக்காவைப் பார்க்கலாம், முட்டிக்கு வேலையே இல்லை.