முட்டை ஓடு மெலிசாகிக்கொண்டே வருகிறது, கோழிக்குக் கால்சியம் எப்படிக் கொடுப்பது?

செம்பவாங்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் தரைவீட்டுப் பின்கட்டில் ஆறு பழுப்புக் கோழிகள் வளர்க்கிறோம், ஒன்றரை வயது இருக்கும். கொஞ்ச நாளாக ஓடு மெலிசாகிறது. இன்று காலை ஒன்று ஓடே இல்லாமல் வெறும் தோல்முட்டையாகக் கிடந்தது, தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி கையில் குழைகிறது. லேயர் தீவனம்தான் (முட்டையிடும் கோழிக்கானது) போடுகிறேன், கூடவே மிச்சச் சோறு, ரொட்டி, பாலக் கீரை. தீவனத்தில் கால்சியம் மாவு கலந்தால் தட்டின் அடியில் தங்கிவிடுகிறது. தேக்கா சந்தையில் வெற்றிலைக்கு விற்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

கோழிக்கூண்டு:
சுண்ணாம்பு வேண்டாம் அக்கா. அது நீற்றிய சுண்ணாம்பு, கெட்டியாக உள்ளே போனால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். ஊரில் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர் கொடுப்பார்கள், சரி, ஆனால் அதில் லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம்கூடத் தேறாது. முட்டையிடும் கோழிக்கு நாளுக்கு நாலு கிராமாவது வேண்டும், ஒரு ஓட்டுக்குள் மட்டுமே இரண்டு கிராமுக்கு மேல் போய்விடுகிறது.

முதலில் சோறும் ரொட்டியும் நிறுத்துங்கள். லேயர் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் இருக்கும், சோற்றில் வயிறு நிரம்பினால் அந்தத் தீவனத்தை யார் தின்பது? பாலக்கில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதையும் குறையுங்கள்.

அப்புறம் மாவு வேண்டாம், சிப்பி ஓடு அல்லது கிளிஞ்சலை அரிசி அளவுக்குப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்படும் கோழி தானே வந்து தின்னும். ஓடு உருவாக ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி ராத்திரியில், கோழி ஒன்றும் தின்னாத நேரம். மாவு சீக்கிரம் கரைந்து போய்விடும், பெரிய துண்டு இரைப்பையில் கிடந்து விடியும்வரை மெல்லக் கரையும். அதனால் சாயங்காலம் கிண்ணம் நிறைந்திருக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம். கருங்கல் பொடி இரை அரைக்கத்தான் உதவும், அதில் கால்சியம் எதிர்பார்க்காதீர்கள்.

ஈசூன்_தோட்டம்:
வெயிலையும் பாருங்கள். கோழி வாய் திறந்து மூச்சிரைத்தால் ரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு குறையும், ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டும் குறையும். தீனியும் சரியாக எடுக்காது. நம் ஊர் மதியத்துக்கு நிழலும் மின்விசிறியும் கட்டாயம். காலை குளிர்ச்சியில் நன்றாகத் தின்னவிடுங்கள். வயசாக வயசாக முட்டை பெரிதாகும், ஓட்டுக்குப் போகும் கால்சியம் அந்த அளவுக்கு அதிகரிக்காது, ஒன்றரை வயதில் கொஞ்சம் மெலிவது சகஜம்தான்.

செம்பவாங்வாசி:
ரொம்ப நன்றி! உடைத்த முட்டை ஓட்டையே திருப்பிக் கொடுக்கலாமா? கூடவே நாலு இளங்கோழிகள் வந்திருக்கின்றன, முட்டையிட இன்னும் காலம் இருக்கிறது. அவற்றுக்கும் இதே தீவனம்தானே?

கோழிக்கூண்டு:
ஓட்டைக் கழுவி, ஓவன் அடுப்பில் நன்றாகக் காயவைத்து, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கூட்டிலேயே கொத்தித் தின்னப் பழகிவிடும். இளங்கோழிக்கு லேயர் தீவனம் கூடவே கூடாது, அவ்வளவு கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளரும் கோழிக்கான வளர்தீவனம் போட்டுத் தனியாக வையுங்கள். ஆறும் நாலும் பத்து, இங்கே வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி அவ்வளவுதான்.

ஈசூன்_தோட்டம்:
ஏதாவது ஒரு கோழி வாலைத் தொங்கவிட்டு, உப்பி உட்கார்ந்து முக்கினால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், கிளிஞ்சல் போட்டுக் காத்திருக்காதீர்கள்.