சந்தாவும் நானும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ராத்திரி வாசகி
ஒரு செய்தித்தாளின் டிஜிட்டல் சந்தா. சேரும்போது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நிறுத்தப் போனால் அதற்குப் பொத்தானே இல்லை, ஒரு தொலைபேசி எண்தான் இருந்தது, அதுவும் அலுவலக நேரத்தில் மட்டும். எடுத்த பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினார். ஏன் போகிறீர்கள் என்றார், பாதி விலைக்குத் தருகிறோம் என்றார், சில மாதம் இலவசம் என்றார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். திடீரென்று குரலைத் தாழ்த்தி, "மேடம், வெளிநாடு போறேன்னு சொல்லுங்க. அதுக்கு மட்டும் அடுத்த சலுகை என் திரையில வராது" என்றார். சொன்னேன். உடனே முடிந்தது. நிறுவனத்தின் மேல் கோபம் போய்விட்டது, அந்தப் பெண்ணின் கிசுகிசுப்பு போகவில்லை. அவருக்கு அன்று யார் என்ன கேட்டார்களோ.

திண்ணை
என் கதை வேறு. டேப்லெட்டில் ஓர் அறிவியல் மாத இதழ், வருடக்கணக்கில் வாங்கினேன். ஒருநாள் செயலியை மூடிவிட்டார்கள். திறந்தால் அட்டைப்படங்கள் எல்லாம் அலமாரியில் அடுக்கியது போல இருக்கின்றன. தொட்டால் வட்டம் சுற்றும், அவ்வளவுதான். கேட்டதற்கு வந்த பதில்: நீங்கள் காசு கொடுத்தது படிக்கும் உரிமத்துக்கு, இதழ்களுக்கு அல்ல. அதற்கு முன் காகிதத்தில் வாங்கியவை இன்னும் பரணில் கிடக்கின்றன, கரையான் கூடத் தொடவில்லை.

அரைத்தூக்கம்
திண்ணை, விதிமுறைகளில் அது இருந்திருக்கும். எல்லோரும் சந்தாவைத் திட்டுகிறீர்கள், செய்தி எழுத ஆள் வேண்டாமா? விளம்பரக் காசு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போன பிறகு பத்திரிகைகள் வேறு என்ன செய்யும்? வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 1997லேயே இணையத்தில் காசு கேட்டது. நியூயார்க் டைம்ஸ் 2011ல், காசு கட்டினால்தான் மேலே படிக்கலாம் என்று கட்டணச் சுவர் போட்டபோது யார் வாங்குவார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. இன்று அதற்குச் சந்தாதாரர்கள் 1 கோடிக்கு மேல். எனக்கும் ஓர் அனுபவம் உண்டு, வீடியோ தளம் ஒன்றில் பாதிப் படத்தில் விளம்பரம். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

திண்ணை
விதிமுறையில் இருந்தால் சரியாகிவிடுமா? 2009ல் அமேசான், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல் நாவல்களை அவர்களுடைய கிண்டில் என்ற மின்னூல் கருவிக்குள் புகுந்தே அழித்தது. அங்கே அவற்றை விற்பனைக்கு வைத்தவருக்கு விற்கும் உரிமை இல்லையாம். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். புத்தகக் கடைக்காரர் ராத்திரியில் வீட்டுக்குள் வந்து எடுத்துப் போனால் விதிமுறை பார்ப்பீர்களா?

மழைக்காகிதம்
சண்டை நடுவில் என்னுடையதையும் போட்டுவிடுகிறேன். நெட்ஃப்ளிக்ஸ் வீடியோ சந்தா அக்கா பெயரில், பார்ப்பது நான். அக்காவும் நானும் பேசி ரொம்ப நாளாயிற்று. ஒருநாள் டிவியில், 'இந்தச் சாதனம் உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல' என்று வந்தது. தொடர்ந்து பார்க்க அது கேட்கும் குறியீட்டு எண் அவள் கைபேசிக்குத்தான் போகும். போன் செய்தேன். எடுத்தாள். எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், கொஞ்சம் நிறுத்தி, "என்ன படம்?" என்றாள். நான் படத்தின் பெயரைச் சொல்வதற்குள் குறியீட்டின் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியதாயிற்று. அதில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

இத்தனைக்கும் 2017ல் 'கடவுச்சொல்லைப் பகிர்வதே அன்பு' என்று ட்வீட் போட்டது நெட்ஃப்ளிக்ஸ். 2023ல் அவர்களே வீட்டுக்கு வெளியே பகிர்வதற்குக் காசு கேட்க ஆரம்பித்தார்கள்.

கணக்குப்பிள்ளை
வங்கிக் கணக்கில் புரியாத ஒரு நிறுவனத்தின் பெயரில் மாதாமாதம் காசு போனது. விசாரித்தால் நான் படிக்கும் வார இதழ்தான், வேறு பெயரில். அது இருக்கட்டும்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோர் அல்லது கூகுள் பிளே வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கே போய்த்தான் நிறுத்த வேண்டும், பத்திரிகையிடம் கெஞ்சிப் பயனில்லை. இலவசச் சோதனைக் காலத்தில் சேர்ந்த அன்றே ரத்து செய்தால் பல இடங்களில் கடைசி நாள் வரை பார்க்க விடுவார்கள், சில இடங்களில் அப்போதே கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் ரத்துப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். வருடச் சந்தா மலிவு என்று தெரிந்தாலும் முதலில் மாதச் சந்தா எடுத்து, உண்மையில் எத்தனை கட்டுரை படிக்கிறீர்கள் என்று பாருங்கள். ராத்திரி வாசகி, ஜெர்மனியில் 2022 ஜூலையிலிருந்து, இணையத்தில் சேரக்கூடிய சந்தாவுக்கு இணையதளத்திலேயே ரத்துப் பொத்தான் வைக்க வேண்டும் என்று சட்டம். அப்புறம் நூலக அட்டை இருக்கிறவர்கள் 'லிப்பி' செயலியைப் பாருங்கள். உங்கள் நூலகம் அதில் சேர்ந்திருந்தால் இதழ்களை இலவசமாகவே இரவல் வாங்கலாம்.

மழைக்காகிதம்
கணக்குப்பிள்ளை, கதை ரெண்டு வரி, அறிவுரை ஒரு பக்கம்! அந்த வார இதழை நிறுத்தினீர்களா இல்லையா?

கணக்குப்பிள்ளை
இல்லை. குறுக்கெழுத்து நன்றாக இருக்கிறது.