தொடுதிரை வைத்த காரை ஓட்டி எங்காவது மோதினால் யார் பிழை?

காலிவீதி_கண்ணன்:
2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததிலிருந்து கொழும்பில் பெரிய திரை வைத்த மின்சாரக் கார்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. சிலவற்றில் ஏசி கூட்டவும் திரையைத்தான் தடவ வேண்டும். இடித்துவிட்டு "கார் அப்படி" என்றால் நான் ஏற்கமாட்டேன். ஜேர்மனியில் ஒருவர் மழைக்குள் டெஸ்லாவின் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப்போய், வீதியை விட்டு விலகி மரங்களில் மோதினார். அந்தத் திரையும் போன் மாதிரி ஒரு மின்னணுச் சாதனம்தான் என்று 2020இல் கார்ல்ஸ்ரூ நீதிமன்றம் சொன்னது. 200 யூரோ தண்டம், ஒரு மாதம் வாகனம் ஓட்டத் தடை. ஸ்டியரிங் யார் கையில் இருந்ததோ அவர்தான் பொறுப்பு.

மருதானை_கராஜ்:
நீங்கள் காட்டிய வழக்கு எனக்குத்தான் சாட்சி. மழையில் வைப்பர் போடுவது என்ன பொழுதுபோக்கா? அதைத் திரைக்குள் கொண்டுபோய் ஒளித்தது யார்? 2022இல் சுவீடனின் வி பிலாகரே சஞ்சிகை, 110 கிலோமீட்டர் வேகத்தில் ஏசி, ரேடியோ மாதிரி நாலு சின்ன வேலைகளைச் செய்ய வைத்துப் பார்த்தது. பட்டன் வைத்த 2005 வொல்வோவில் 10 செக்கன். திரை வைத்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் கிட்டத்தட்ட 45 செக்கன், அதற்குள் கார் 1,372 மீட்டர் போய்விட்டது. ஓட்டியவர்களுக்கு முதலே பழக நேரமும் கொடுத்திருந்தார்கள்.

காலிவீதி_கண்ணன்:
அப்படியென்றால் ஓரமாக நிறுத்திவிட்டுத் தொடுங்கள்.

சுமதி_வெள்ளவத்தை:
மாலை நேரம் காலி வீதியில் எந்த ஓரம், கண்ணன் அண்ணா? பின்னால் 101 பஸ்காரன் விடுவானா?

2019இல் புளோரிடாவில் ஒருவர் டெஸ்லாவில், கார் ஓட்ட உதவும் ஓட்டோபைலட் வசதியைப் போட்டுவிட்டு, விழுந்த போனைக் குனிந்து தேடினார். கார் போய் நிறுத்தியிருந்த வாகனத்தில் மோதி ஒரு பெண் இறந்தார். 2025 ஓகஸ்டில் மயாமி ஜூரி சாரதிக்கு 67 வீதம், டெஸ்லாவுக்கு 33 வீதம் என்று பொறுப்பைப் பிரித்தது. கம்பனி தலையில் விழுந்தது 243 மில்லியன் டொலர்.

காலிவீதி_கண்ணன்:
67 யாருடையது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி.

மருதானை_கராஜ்:
தன் பிழையை அந்தச் சாரதியே ஒத்துக்கொண்டவர். அப்படியிருந்தும் 33 வந்ததே, அதைப் பாருங்கள். ஆனால் ஒன்று, கம்பனியை மட்டும் திட்டவும் எனக்கு வாய் வராது. ஜப்பான் ரீகண்டிஷன் கார்களில் திரை முழுக்க ஜப்பான் எழுத்து. அதைக் கழற்றி ஆண்ட்ராய்ட் செட் போட வருகிறார்கள், சரி. கார் ஓடும்போது வீடியோ வராமல் இருக்க ஹேண்ட்பிரேக்கோடு ஒரு வயர் சேர்ப்பது உண்டு. "அதை ஏர்த் பண்ணிவிடுங்கள், ஓடும்போதும் படம் வரட்டும்" என்று கேட்பவர்களும் உண்டு. நான் முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

காலிவீதி_கண்ணன்:
இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். கம்பனி பூட்டுப் போடுகிறது, நம் ஆட்கள் காசு கொடுத்து உடைக்கிறார்கள். இதில் வடிவமைப்பாளர் எங்கே வந்தார்?

சுமதி_வெள்ளவத்தை:
வீடியோவுக்கு அது சரி, வைப்பருக்கு? கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பில், 2026இலிருந்து ஐந்து நட்சத்திரம் வேண்டுமென்றால் சிக்னல், ஹசார்ட், ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு இவற்றுக்குக் கையால் தொட்டறியும் கட்டுப்பாடு வேண்டும். அது சட்டம் இல்லைதான். ஆனாலும் நட்சத்திரம் போனால் விற்பனை போகும் என்ற பயம் கம்பனிகளுக்கு உண்டு. இறக்குமதி செய்யும் நாமும் இதையே நிபந்தனையாகக் கேட்கலாமே?

காலிவீதி_கண்ணன்:
பட்டன் கேளுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன். தண்டத்தில் மட்டும் பங்கு பிரிக்காதீர்கள்.

திரீவீல்_தம்பி:
அண்ணாமார், அக்கா, எல்லோரும் கார்க்கதையே கதைக்கிறீர்கள். என் திரை ஸ்டாண்டில் இருக்கும் போன். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆப்பில் ஹயர் (அடுத்த சவாரி) வரும், சில செக்கனுக்குள் அமத்தாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அமத்தினால் பொலிஸ் பிடிக்கும். "கவனமாக ஓட்டுங்கள்" என்ற மெசேஜும் ஓடும்போதுதான் வரும்! வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று ஜிபிஎஸ்ஸில் ஆப்புக்குத் தெரியும்தானே. நின்ற பிறகு ஹயரை அனுப்பினால் என்ன? கண்ணன் அண்ணா, இதற்கும் ஸ்டியரிங் பிடித்தவன்தான் பொறுப்பா?