ஓஹையோ ரிவர் வேலி பள்ளிப் போட்டிகள்: அனுபவமுள்ள பெற்றோர் வழிகாட்டுங்கள்

வணக்கம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத் தென்கிழக்குப் பகுதிக்கு நாங்கள் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் சேர்ந்துவிட்டாள். ஓஹையோ ரிவர் வேலி கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் போட்டி ஆடும் பள்ளிகளின் குழு. அதில் அவள் பள்ளியும் ஒன்று.

மைலன், சவுத் ரிப்ளி, ரைசிங் சன், ஸ்விட்சர்லாந்து கவுண்டி என்று இதில் இருப்பவை சின்னப் பள்ளிகள். ஜாக்-சென்-டெல் என்ற பள்ளியும் இதில் உண்டு; அது ஊர்ப்பெயரே அல்ல. ஜாக்சன், சென்டர், டெலவேர் என்ற மூன்று டவுன்ஷிப்புகளின் (கவுண்டிக்குள் உள்ள சிறு நிர்வாகப் பகுதிகள்) பெயர்களைச் சேர்த்து வைத்த பெயர். மைலனின் கதையை மகள் வாய் ஓயாமல் சொல்கிறாள். 161 பேரே படித்த அந்தப் பள்ளி, 1954இல் மன்சி சென்ட்ரல் பள்ளியை 32-30 என வென்று மாநிலக் கூடைப்பந்துப் பட்டத்தைத் தட்டிச் சென்றது. பள்ளிகளை அளவு பார்த்துத் தனித்தனிப் போட்டிகளாகப் பிரிக்காத காலம் அது! அதே ஊரில் போய் ஆடப்போகிறோம் என்ற பூரிப்பு அவளுக்கு.

வெளியூர் ஆட்டம் என்றால் வீடு திரும்ப இரவு பத்தரை ஆகிறது. போன செவ்வாயன்று ஷூவைக்கூடக் கழற்றாமல், அல்ஜீப்ரா புத்தகம் ஒருபுறம், தயிர்சாதம் மறுபுறமாக மேஜையிலேயே தூங்கிவிட்டாள். விளையாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெர்செய்ல்ஸ், மேடிசன் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறீர்களா? இரவில் பிள்ளைகளை அழைத்துவர முறை வைத்துக்கொள்ளலாம். ஆட்ட நாளில் பஸ்ஸில் சாப்பிட என்ன சைவ உணவு கொடுத்தனுப்புகிறீர்கள்? வீட்டுப்பாடத்தை எப்போது முடிக்க வைக்கிறீர்கள்? அடுத்த வெளியூர் ஆட்டம் வெள்ளிக்கிழமை. அதற்குள் யாராவது சொன்னால் பேருதவியாக இருக்கும்.